போட்டோ அப்பாவின் தீம் பார்க் படையெடுப்பு

மகனே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நான் படித்தேன், உன் அம்மா படித்தாள், உன் பெண்டாட்டி அடுப்படிக்குக் கொண்டுபோய்த் தனியாக ஒருமுறை படித்தாள். கொண்டுவந்து கொடுத்தபோது தபால்காரர் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் அவரும் படித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு தேசத்தைப் பிடிக்கப் போகிறவன்கூட இப்படித் திட்டம் போட்டிருக்க மாட்டான். ராஜபாளையத்தில் ராத்திரி பஸ், விடிந்தால் சென்னை, லாட்ஜில் குளியல், தீம் பார்க்கின் கேட்டைத் திறக்கிறவன் வருவதற்கு முன்னால் நாம் கேட்டில், முதலில் எந்த ராட்டினம், அடுத்து எந்தச் சறுக்கு, எந்த வேளையில் எங்கே சாப்பாடு. அதை முடித்துவிட்டு மறுநாளும் அங்கேயே! படித்து முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சென்னைக்குப் போய்த் திரும்பி வந்தவன் மாதிரி சாய்ந்துவிட்டேன். எனக்கு இப்போதெல்லாம் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் ஒரு யுகம் முடிந்து இன்னொரு யுகம் தொடங்கிவிடுகிறது. அப்படிப்பட்டவனிடம் போய் இந்தப் படையெடுப்புக்கு யோசனை கேட்டிருக்கிறாய். கேட்டதால் சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்வேன்.

நீ எதற்காகப் போகிறாய் என்பது எனக்குத் தெரியும். உனக்கு ராட்டினத்தின்மேல் ஆசை கிடையாது. உன் மகள், நாலு வயது பவித்ரா, உன்னிடம் வர வேண்டும், அவ்வளவுதான். போன லீவில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. பட்டாளத்திலிருந்து ட்ரங்குப் பெட்டியும் பச்சைப் பையுமாக நீ வாசலில் வந்து நின்றாய். உலகத்திலுள்ள மீசைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நன்கொடையாகக் கொடுத்தது போல உன் முகத்தில் ஒரு மீசை. பவி என் வேட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"பவி, யாரு வந்திருக்கா பாரு."

"யாரு?"

"உங்கப்பாடி!"

அவள் சுவரில் மாட்டியிருந்த உன் யூனிபார்ம் போட்டோவைப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள். திரும்பவும் போட்டோவைப் பார்த்தாள்.

"பொய் சொல்லுத தாத்தா. எங்கப்பாவுக்கு மீசை இல்ல."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நீ சலூனுக்குப் போய் மீசையை எடுத்துவிட்டு, மழித்த முகமும் சிரிப்புமாக அவள்முன் வந்து உட்கார்ந்தாய். அதற்குள் அவள் முந்தின நாள் முழுக்க யோசித்து, மீசைக்காரனோடு லேசாகச் சமாதானம் ஆகியிருந்தாள் போலிருக்கிறது. "அந்த மீசை மாமா எங்க?" என்று கேட்டு அழுத அழுகை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் உன் மாமனார் வீடு வரை கேட்டிருக்கும். உன் கையிலிருந்து ஒரு பிஸ்கட்டை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அவள் வந்தபோது உன் லீவு தீர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் உனக்கு டாட்டா காட்டினாள், சந்தோஷமாக. தென்காசி போகிற பஸ்ஸுக்கும் அதே சந்தோஷத்தோடுதான் காட்டினாள். நீ ஜன்னலுக்குள் தலையை இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீ பார்த்திருக்க மாட்டாய்.

இந்தத் தடவை லீவு இன்னும் குறைச்சல் என்று எழுதியிருக்கிறாய். அதனால் பெரிதாக ஏதாவது செய்து பிள்ளையை ஒரே வீச்சில் பிடித்துவிட வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கணக்கை உனக்கு முன்னாலேயே போட்டுப் பார்த்தவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ராஜபாளையத்திலிருந்து பம்பாய்க்கு லாரியில் நூல் பேல் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். இந்தியாவில் நான் லாரியை நிறுத்தி டீ குடிக்காத ஊர் எதுவும் இருந்தால் அது அப்புறம் கட்டிய ஊராக இருக்கும். நான் வீட்டுக்கு வரும்போது நீ தூங்கிக்கொண்டிருப்பாய். நீ கண் விழிக்கும்போது நான் புனாவில் இருப்பேன். உனக்கு எல்லாமே உன் அத்தைதான். என் அக்காள் அந்தத் தெருவுக்குச் சக்கரவர்த்தினி. அவள் தும்மினால் நாலு வீட்டில் விளக்கு வைப்பார்கள். நீ அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அலைவாய். நான் கூப்பிட்டால், 'லாரி மாமா கூப்பிடுதாரு' என்ற மாதிரி ஒரு பார்வை பார்ப்பாய்.

உனக்கு ஏழு வயது. மதுரைப் பொருட்காட்சிக்குச் சங்கிலி ராட்டினம் வந்திருக்கிறது, அதில் உட்கார்ந்தால் மீனாட்சி கோபுரம் காலுக்குக் கீழே தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நீ ராவும் பகலும் அதையே பேசினாய். நான் முடிவெடுத்தேன். நீ, நான், உன் அம்மா, மூன்றே பேர். பஸ்ஸில் போகிறோம், ராட்டினத்தில் உன்னை என் பக்கத்து நாற்காலியில் வைத்து ஆகாயத்துக்கே கூட்டிப்போகிறேன். இந்த மகத்தான ரகசியத்தை நான் வாசலில் நின்று சொன்னேன். அங்கேதான் என் ராஜதந்திரம் சரிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து அக்காள் வந்தாள்.

"ஏலே, மூணாவது மொட்டை பாக்கி இருக்கும்போது பிள்ளைய எங்கலே எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போற?"

"மதுரைக்குத்தான்க்கா. காசிக்கா போறோம்?"

"மதுரைன்னா எல்லை இல்லையா? வன்னியம்பட்டிப் பக்கம்தான நம்ம சாமி. போற வழிதான? முடிய எறக்கிட்டுப் போவோம். நானும் வாரேன்."

அவள் வந்தால் அவள் பிள்ளைகள் வர வேண்டும். பிள்ளைகள் வந்தால் பஸ் சரிப்படாது, வேன் பிடிக்க வேண்டும். வேன் பிடித்துவிட்டால் காலி சீட்டோடு போவது நம் வம்சத்துக்கே இழுக்கு. காலையில் வேன் கிளம்பும்போது, இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்த எதிர்வீட்டுத் தெலுங்கம்மா, "மதுரைக்கா? செத்த இருங்க" என்று சொல்லிச் சல்லடையோடு ஏறிக்கொண்டார். புளிச்சோறு ஏறிய அண்டாவைப் பார்த்து வேனின் டயர்கள் அழுதன. எனக்கு உன் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. நீ அத்தை மடியில், நான் அண்டாவுக்குக் காவல்.

சாமி கோவிலில் உன் முடி இறங்கியது. அந்த முடியை நீ சாதாரணமாக நினைத்துவிடாதே. மொட்டைக்காக விட்டு வளர்த்து, உச்சியில் கொண்டையாகக் கட்டி, காட்டுக்கோழி மாதிரி நிமிர்ந்து நின்ற முடி. எல்லாவற்றையும் வழித்துச் சந்தனம் பூசி, இளநீர்க்காய் மாதிரி உன்னை வேனில் ஏற்றினார்கள். சாயங்காலம் பொருட்காட்சி. சங்கிலி ராட்டினத்துக்கு வரிசையில் நின்று, நான் இரண்டு டிக்கெட்டை ராஜமுத்திரை மாதிரி நீட்டினேன். அங்கே ஒரு ஆள் சிவப்புக் கோடு போட்ட ஒரு கம்பை வைத்துக்கொண்டு நின்றான். கோட்டைத் தொடுகிற பிள்ளை ஏறலாம். தொடாத பிள்ளை ஏறக்கூடாது. கம்பை உன் பக்கத்தில் நிறுத்தினான். உன் பளபளத்த மண்டைக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

"இல்லண்ணே, பையன் ஒசரம் பத்தாது."

"காலையில கொண்டை இருந்துச்சுப்பா!" என்றேன்.

"இப்ப இல்லையேண்ணே."

அதற்குள் அக்காள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டாள். மடியிலிருந்த சந்தனப் பொட்டலத்தைப் பிரித்தாள். தெலுங்கம்மா தண்ணீர் ஊற்றினார். அங்கேயே, அத்தனை சனமும் பார்க்க, உன் உச்சந்தலையில் சந்தனத்தை அப்பினாள் பார், கோவில் கட்டுகிற கொத்தனார்கூட அப்படிப் பூச மாட்டார்.

"இப்ப அளந்து பாருலே."

அவன் கம்பை வைத்தான். சந்தனம் கோட்டைத் தொட்டது. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பின்னால் வரிசையில் நின்றவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏக்கா, சந்தனத்தை ஏத்திவிடுதேன். பிள்ளைய ஏத்த மாட்டேன்."

சனம் எல்லாம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. சந்தனமும் கண்ணீருமாக அழுதாய். நான் கையை நீட்டினேன். நீ என்னைத் தாண்டிப் போய் அத்தை இடுப்பைக் கட்டிக்கொண்டாய். அதன்பிறகு அவள் உனக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கினாள், ஊதல் வாங்கினாள், அப்பளம் வாங்கினாள். அத்தனையையும் உன் கை வாங்கியது. நான் டிக்கெட்டும் கையுமாக, வேன் டிரைவருக்கு அடுத்த ஆளாக, பின்னாலேயே நடந்தேன். பம்பாய்க்கு லோடு ஏற்றிப் போய் வந்தபோதுகூட அன்றைக்கு மாதிரி எனக்குக் கால் ஓய்ந்தது கிடையாது.

மறுநாள் காலையில் ஊருக்குத் திரும்பும்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் வேனின் சைலன்சர் கழன்று ரோட்டில் இழுபட்டது. இன்றைக்கு இருக்கிற காலேஜும் இல்லை, காலேஜ் பஸ்களும் இல்லை, வெயில் மட்டும் இருந்தது. டிரைவர் கம்பி வாங்கப் போனான். எல்லாரும் இறங்கி மரத்தடியில் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சைலன்சரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதானே. கொஞ்ச நேரத்தில் சரசரவென்று ஒரு சத்தம். பார்த்தால், நீ ஊர்ந்து வந்து என் பக்கத்தில் படுத்திருக்கிறாய்.

"அப்பா, இது என்னது?"

"சைலன்சர்."

"இது இல்லைன்னா என்னாகும்?"

"வண்டி உங்க அத்தை மாதிரி சத்தம் போடும்."

நீ சிரித்தாய். நான் சொன்னதைக் கேட்டு நீ சிரித்தது அதுதான் முதல் தடவை. ஒரு பக்கத்தை நீ பிடித்தாய், ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். உன் மொட்டையில் காய்ந்த சந்தனத்தின்மேல் கிரீஸ் வேறு. வேனுக்கு வெளியே குனிந்து அக்காள் எட்டிப் பார்த்தாள். "ஏலே, வெளிய வாலே. சட்டையெல்லாம் போச்சு." நீ அசையவில்லை. "செத்த நேரம் இருங்க அத்தை, நாங்க வேலை பாக்கோம்" என்றாய். அந்த 'நாங்க'வை ஏற்றிக்கொண்டுதான் மறுவாரம் நான் பம்பாய்க்குப் போனேன். அதைவிடக் கனமான லோடை என் லாரி சுமந்தது கிடையாது.

இதிலிருந்து சென்னைக்கு என்ன யோசனை என்று கேட்பாய். இரண்டு நாள் வேண்டாம், ஒரு நாள் போதும். உன் திட்டத்தில் பாதியை அடித்துவிடு. மீதிப் பாதியில் பாதியை அங்கே போனபிறகு அவளே அடித்துவிடுவாள். ராத்திரி பஸ்ஸில் அவள் ஒழுங்காகத் தூங்க மாட்டாள். அதனால் போனதும் கேட்டுக்கு ஓடாமல் லாட்ஜில் படுக்கப் போடு. சின்ன ராட்டினம், பொம்மைக் குதிரை, படகு, இவைதான் அவளுக்கு. தலைகீழாகத் தொங்கவிடும் யந்திரங்களை எல்லாம் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினால் போதும். தண்ணீரில் விளையாட்டு இருந்தால் அதைக் கடைசியில் வை. முதலில் இறக்கினால் பிறகு அவளை வெளியே எடுக்க உன் ரெஜிமெண்டே வர வேண்டியிருக்கும். மாற்றுத் துணி இரண்டு செட். மத்தியானம் அவள் கண் சொருகினால் டிக்கெட் வீணாகிறதே என்று உலுக்கி எழுப்பாதே. நிழல் பார்த்து உட்கார்ந்து உன் மேலேயே தூங்க விடு. அங்கேயும் அளவுக்கம்பு வைத்திருப்பார்களாம். அதனால் இங்கேயே கதவு நிலையில் நிறுத்தி அவளை அளந்துவிட்டேன். "இதைவிடப் பெரிய பிள்ளைக மட்டும்தான் சிலதுல ஏறலாம், நீ அடுத்த வருசம்" என்று இப்போதே சொல்லிப் பழக்கி வருகிறேன். அவளுக்கும் மொட்டை ஒன்று பாக்கி இருக்கிறது, போவதற்கு முன்னால் போட்டுவிடலாமே என்று உன் மாமியார் சொல்லி அனுப்பினார். தை மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். அந்த முடிமேல் ஒருவரும் கை வைக்க முடியாது.

இனிமேல் எழுதுவதை உன் அம்மாவிடம் சொல்லாதே. "நீங்களும் அம்மாவும் கட்டாயம் வரணும்" என்று நீ எழுதினாய் அல்லவா? அந்த ஒரு வரியால் இங்கே நடந்ததைக் கேள். உன் அம்மா முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்துவிட்டாள். நாங்கள் போகிறோம் என்றதும் சம்பந்தி வீட்டில், "அவிய போறப்ப நாம போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஐந்து பேர் துணி எடுத்து வைத்துவிட்டார்கள். உன் மச்சினன் வேனுக்குச் சொல்லிவிட்டான். வேன்! பவியை அவள் பாட்டி இடுப்பிலும் மாமன் தோளிலும் மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். நீ டிக்கெட்டும் கையுமாகப் பின்னால் நடப்பாய். எல்லாரையும் விட மோசமான ஆள் நான்தான். நான் வந்தால் அவள் என் மடியை விட்டு இறங்கவே மாட்டாள். உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அதனால் போன செவ்வாய்க்கிழமை என் வலது முட்டு வீர மரணம் அடைந்தது. வாசல்படியில் நின்று நான் போட்ட "ஐயோ" நம் ஊர்ச் சஞ்சீவி மலையில் மோதித் திரும்பி வந்தது. இத்தனை வருஷம் லாரி ஓட்டிய கால் அல்லவா, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உன் அம்மா தைல பாட்டிலோடு ஓடிவந்தாள்.

"ஏங்க, இந்தக் காலோட எப்படி மெட்ராஸ் போவிய?"

"நான் போகல. நீ போயிட்டு வா."

"உங்கள இப்படிப் போட்டுட்டு நான் போய் ராட்டினத்துல சுத்தவா? நல்லாருக்கே!"

ஆக, உன் அம்மா வரவில்லை. நாங்கள் இருவரும் வராதபோது சம்பந்திகள் மட்டும் வந்தால் முறையாகாது. அதனால் அவர்களும் துணியைத் திரும்ப மடித்து வைத்துவிட்டார்கள். மச்சினன் வேனை வேண்டாமென்று சொல்லிவிட்டான். ஒரே ஒரு முட்டுவலியை வைத்து ஒரு சேனையையே நான் திருப்பி அனுப்பிவிட்டேன், பார்த்தாயா? முட்டுக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது. மற்றது எல்லாம்தான் ஓய்ந்து கிடக்கிறது. சென்னைக்குப் போட்டுக்கொண்டு வரலாம் என்று ஒரு கோடு போட்ட அரைக்கைச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன். அது நேற்றுத்தான் வந்தது. போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு மந்திரி நின்றார். கழற்றி மடித்து வைத்துவிட்டேன். அதைப்பற்றி நீ பதிலில் ஒன்றும் எழுத வேண்டாம்.

உன் அம்மாவைச் சமாளித்துவிட்டேன். பவியைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. படகில் தாத்தா பக்கத்தில்தான் உட்காருவேன் என்று அவள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் என் முட்டுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள், இடது முட்டுக்கு. நான் திருத்தவில்லை.

"தாத்தா, நீ வரலைன்னா போட்ல எம்பக்கத்துல யாரு?"

"உங்கப்பா."

"போட்டோ அப்பாவா?"

"அவரேதான்."

இன்னும் கொஞ்சம் தைலம் எடுத்துத் தேய்த்தாள். "அவருக்கு போட்டு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள்.

என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "தெரியாதும்மா. உங்கப்பாவுக்குத் தண்ணின்னா பயம். போட்டு லேசா ஆடுனாலே நடுங்கிருவாரு. பாவம்."

"அம்புட்டுப் பயமா?"

"அம்புட்டுப் பயம்."

தைலக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுவரிலிருந்த உன் போட்டோவுக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் என்னிடம் திரும்பி, "நான் கையப் பிடிச்சிக்கிடுதேன் தாத்தா. அழ வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டேன் மகனே. பட்டாளத்தில் நீ எதற்கும் அஞ்சாதவனாக இரு, அது அவர்கள் பாடு. அந்தப் படகில் ஏறியதும் நன்றாகப் பயப்படு.

அப்பா